கைப்பிடி அரிசியும் நன்றியுள்ள இருதயமும்





"ஸ்தோத்திரம்" என்ற வார்த்தை நம் நாவில் எப்போதும் இருக்கிறது. ஆலய வாசலில் ஒருவரையொருவர் சந்திக்கும்போது "ஸ்தோத்திரம் ஐயா", "ஸ்தோத்திரம் அம்மா" என்கிறோம். டெலிபோனை எடுத்தாலும் அதே வார்த்தை. ஜெபத்தைத் தொடங்கவும் முடிக்கவும் அதே வார்த்தை. நல்ல வழக்கம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நாம் ஏறெடுக்கும் ஸ்தோத்திரம் திங்கட்கிழமை காலையில் அடுப்படியிலும், பஸ் நெரிசலிலும், ஆபீஸ் மேசையிலும், ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் என்னவாகிறது? இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நமக்குப் பிரயோஜனமாயிருக்கும்.

நன்றி என்பது மனதில் தானாக எழும்பும் ஓர் உணர்ச்சி என்றே பலர் எண்ணுகிறோம். நல்ல செய்தி வந்தால் எழும்புகிறது, வராவிட்டால் எழும்புவதில்லை. வேதம் அப்படி அதை விட்டுவிடவில்லை. நன்றிக்கு ஒரு நேரத்தையும், ஓர் இடத்தையும், கையில் எடுத்துக் கொடுக்கும் ஒரு பொருளையும் குறித்துக் கொடுத்து, அதை ஒரு பழக்கமாகவே நமக்குக் கற்பிக்கிறது.

பத்துப் பேரில் ஒருவன்

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் குஷ்டரோகிகள் பத்துப் பேரை நாம் அறிவோம். அவர்கள் தூரத்தில் நின்று இரக்கத்திற்காகச் சத்தமிட்டார்கள். ஆசாரியர்களிடம் போய்த் தங்களைக் காண்பிக்கும்படி இயேசு சொன்னார். போகிற வழியில் சுத்தமானார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான், அவன் சமாரியன்.

மற்ற ஒன்பது பேரை நாம் எளிதில் நன்றிகெட்டவர்கள் என்று சொல்லிவிடுகிறோம். சற்று நிதானித்துப் பார்த்தால், அவர்கள் ஆண்டவருக்குக் கீழ்ப்படியாதவர்கள் அல்ல. ஆசாரியனிடம் போங்கள் என்றார், போனார்கள். குஷ்டத்திலிருந்து சுத்தமானவன் மறுபடியும் ஊருக்குள் சேர்வதற்கு லேவியராகமம் 14ஆம் அதிகாரம் ஒரு நீண்ட ஒழுங்கைச் சொல்கிறது. அது முடிய எட்டு நாட்கள் ஆகும். ஊருக்குப் புறம்பே தனித்துக் கிடந்தவர்களுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்திருக்கும். மனைவி பிள்ளைகளைப் பார்க்கும் ஆவலும் இருந்திருக்கும். கடமையைச் செய்தார்கள். நன்றி மட்டும் விடுபட்டுப்போயிற்று.

இங்கேதான் இந்தப் பகுதி நம்மைத் தொடுகிறது. நாமும் பெரும்பாலும் கடமை தவறாதவர்கள்தான். ஆலயத்துக்குப் போகிறோம், காணிக்கை கொடுக்கிறோம், வேலையை ஒழுங்காய்ச் செய்கிறோம். அவசரத்தில் திரும்பி வருவதற்குத்தான் நேரமில்லை. நன்றியின்மை பல சமயங்களில் பெரிய பாவத்தின் உருவில் வருவதில்லை. வேலை மிகுதியின் உருவில் வருகிறது.

இன்னொரு காரியத்தையும் கவனியுங்கள். ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். ஆனால் அவர்கள் பெற்ற சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டதாக வேதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. நன்றி சொல்லாதவர்களும் சுகமாகவே வீட்டுக்குப் போனார்கள். ஒரு மிஷன் மருத்துவமனைக்கும், அதைத் தாங்குகிற உங்களுக்கும் இது மிக முக்கியமான பாடம். இதைக் குறித்துப் பின்னர் பார்ப்போம்.

நன்றி கைக்கு வந்த விதம்

பழைய ஏற்பாட்டில் ஸ்தோத்திர பலியைக் குறித்து ஒரு விசேஷமான கட்டளை உண்டு (லேவியராகமம் 7:11-15). அந்தப் பலியின் மாம்சத்தை அன்றைய தினமே புசித்துவிட வேண்டும். விடியற்காலம்வரை மீதி வைக்கக் கூடாது. ஓர் ஆட்டையோ மாட்டையோ ஒரு குடும்பம் ஒரே நாளில் சாப்பிட்டு முடிப்பது கடினம். ஆகவே நன்றி செலுத்துகிறவன் பிறரையும் பந்திக்கு அழைக்க வேண்டியதாயிற்று. நன்றியைப் பத்திரப்படுத்தி வைக்க முடியாது. அன்றைக்கே பங்கிட வேண்டும். நம் திருநெல்வேலி, கன்னியாகுமரிச் சீமைகளின் சபைகளில் நடக்கும் அசனப் பண்டிகையில் ஏழையும் பணக்காரனும் ஒரே சோற்றை ஒரே வரிசையில் உண்ணும்போது அந்தப் பழைய ஒழுங்கின் வாசனை வீசத்தான் செய்கிறது.

உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் முதற்பலன் காணிக்கை வருகிறது. விவசாயி கூடையில் முதற்கனிகளை எடுத்துக்கொண்டு வந்து, சும்மா வைத்துவிட்டுப் போகக் கூடாது. தன் முன்னோர் நாடோடியாய் அலைந்ததையும், எகிப்தில் அடிமைப்பட்டதையும், கர்த்தர் விடுவித்ததையும் வாய்திறந்து சொல்ல வேண்டும். அதன்பின் லேவியனோடும், தன்னிடத்தில் இருக்கிற பரதேசியோடும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். ஆக, வேதம் காட்டும் நன்றியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன: நடந்ததை நினைவுகூருதல், அதை வாயினால் அறிக்கையிடுதல், இல்லாதவரோடு பங்கிடுதல். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நன்றி பாதியில் நின்றுவிடுகிறது.

அறுப்பின் பண்டிகையில் நம் சபைகளில் நடக்கும் ஏலத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு பாட்டியம்மா கொண்டுவந்த பூசணிக்காயோ, ஒரு சிறுவன் தூக்கி வந்த சேவலோ கடை விலையைவிடப் பலமடங்கு அதிகமாய் ஏலம் போகிறது. கடைக்காரர் கணக்கில் அது நஷ்டம். சபையின் கணக்கில் அது ஸ்தோத்திரம்.

ஒரு பிடி அரிசி

ஆண்டுக்கொருமுறை வரும் பண்டிகை போதாது. அன்றாட நன்றிக்கு ஓர் உருவம் வேண்டும். அதை மிக அழகாகக் காட்டியவர்கள் நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள மிசோராம் மலைநாட்டுத் தாய்மார்.

அந்த மலைகளுக்கு 1894ஆம் ஆண்டில்தான் மிஷனெரிமார் குடியேறி வந்தனர். இரண்டு பத்தாண்டுகள் முடியுமுன்னே, 1910ஆம் ஆண்டளவில், அங்குள்ள இளம் சபையில் ஒரு வழக்கம் பிறந்தது. அதை அவர்கள் மொழியில் "புஃபாய் தாம்" என்கிறார்கள். கைப்பிடி அரிசி என்று பொருள். வீட்டில் சமைப்பதற்கு அரிசி அளக்கும் ஒவ்வொரு வேளையும், அந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவார்கள். சேர்ந்த அரிசியைச் சபையார் வீடு வீடாகச் சேகரித்து விற்று, அந்தப் பணத்தை ஊழியத்திற்கு அனுப்புவார்கள். கையில் காசு புழங்காத மலைக் கிராமங்கள் அவை. காசு இல்லாதவரும் கொடுக்கக் கூடியதாயிருந்தது அந்த ஒரு பிடி. நூறாண்டு கடந்தும் அந்த வழக்கம் அங்கே தொடர்கிறது. பல மிஷனெரிமார் இந்த அரிசியினால் தாங்கப்படுகிறார்கள். தமிழ்நாட்டிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கையை அறிந்த பழைய குடும்பங்கள் பல உண்டு.

இந்தப் பழக்கத்தின் பலம் எங்கே இருக்கிறது? அரிசியின் அளவில் அல்ல. முதலாவது, அது சமைக்குமுன் எடுக்கப்படுகிறது. சாப்பிட்டு மிஞ்சினதில் அல்ல. இரண்டாவது, மனம் சந்தோஷமாயிருக்கிறதா சோர்ந்திருக்கிறதா என்று அது கேட்பதில்லை. அடுப்பு மூட்டினால் கை பானைக்குள் போகிறது. ஒரு பிடி வெளியே வருகிறது. மூன்றாவது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை, யாரும் பிரசங்கம் செய்யாமலே, இந்தச் சோறு நமக்குக் கொடுக்கப்பட்டது என்று கற்றுக்கொள்கிறது.

கண்ணீரோடு ஸ்தோத்திரம்

இங்கே ஒரு கடினமான கேள்வி எழும்புகிறது. துன்பத்தில் இருப்பவரிடம் நன்றியைக் குறித்துப் பேசலாமா? புற்றுநோய் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்ட ஒரு தாயிடம், பிறந்த பிள்ளையை இழந்த ஒரு தகப்பனிடம், "எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் பண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கேட்கிறவருக்கு அது காயத்தில் உப்பாயிருக்கும். நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் நம் விசுவாசிகள் இதில் மிகவும் கவனமாயிருக்க வேண்டும்.

யோவான் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு கண்ணீர்விட்டார் (35ஆம் வசனம்). கல்லைப் புரட்டியபின் தம் கண்களை ஏறெடுத்துப் பிதாவுக்கு ஸ்தோத்திரம் சொன்னார் (41ஆம் வசனம்). ஒரே நாளில், அதே துக்க வீட்டாரின் நடுவில், கண்ணீரும் வந்தது, நன்றியும் வந்தது. ஸ்தோத்திரம் சொல்வதற்காக அவர் அழுகையை அடக்கிக்கொள்ளவில்லை. சங்கீதப் புஸ்தகத்திலும் துதியின் சங்கீதங்களோடு புலம்பலின் சங்கீதங்களும் ஏராளமாய் இருக்கின்றன. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கர்த்தர் அதையும் தம் ஜனத்தின் ஜெபமாக ஏற்றுக்கொண்டார்.

ஜெர்மனி தேசத்தில் 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போர் நடந்த காலம். சாக்சனி நாட்டில் ஐலன்பூர்க் என்னும் மதில் சூழ்ந்த ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்பவர் போதகராயிருந்தார். போருக்குத் தப்பி ஓடிவந்தவர்களால் ஊர் நிரம்பியது. 1637இல் கொள்ளைநோய் பரவிற்று. மற்றப் போதகர்கள் மரித்தும் ஊரைவிட்டுப் போயும்விட, இவரே தனித்து நின்று அந்த ஒரே ஆண்டில் 4,000க்கும் அதிகமானோரை அடக்கம் செய்தார். அவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். உலகமெங்கும் சபைகள் இன்றும் பாடுகிற ஒரு பிரசித்தமான நன்றிப் பாடல் இந்த மனிதருடையது. அது முதலில் சாப்பாட்டு வேளையில் சொல்லும் ஒரு சிறு ஜெபமாகவே எழுதப்பட்டது. பெரிய வெற்றி விழாவுக்காக அல்ல. வீட்டார் கூடி உண்ணும் மேசைக்காக. சாதாரண நாட்களில் பழகிய நன்றியே கொடிய நாட்களிலும் நமக்குத் துணைநிற்கிறது. மழைக்காலத்தில் கூரை வேய முடியாது அல்லவா?

ஆகவே துன்பப்படுகிறவரிடம் நன்றியைக் கேட்காதிருப்போம். அவருக்குப் பக்கத்தில் உட்காருவோம். அவருக்காக நாம் ஸ்தோத்திரம் செலுத்துவோம். அவர் தாமாக வாய்திறக்கும் நாள் வரும்போது கூடச் சேர்ந்துகொள்வோம்.

மருத்துவம் என்ன சொல்கிறது?

நன்றி செலுத்தும் பழக்கத்தை ஆராய்ச்சியாளரும் கவனித்திருக்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் இரு மனநூல் அறிஞர்கள் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிலரிடம் வாரம் ஒருமுறை, நன்றிக்குரிய ஐந்து காரியங்கள் வரை எழுதச் சொன்னார்கள். வேறு சிலரிடம் தொல்லை தந்த காரியங்களை எழுதச் சொன்னார்கள். பத்து வாரம் கழித்துப் பார்த்தபோது, நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைக் குறித்து அதிக மனநிறைவு தெரிவித்தார்கள். தசை நரம்பு நோயுள்ளவர்களிடமும் 21 நாட்கள் இதைச் செய்து பார்த்தபோது, நன்றியை எழுதியவர்கள் தூக்கமும் மனநிலையும் மேலாயிருந்ததாகச் சொன்னார்கள்.

இதை நாம் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றி மருந்துக்குப் பதிலாகாது. மனச்சோர்வு நோயால் வாடுகிறவரிடம் நன்றிப் பட்டியல் எழுதச் சொல்வது சிகிச்சையாகாது. அவரை மருத்துவரிடம் அழைத்து வருவதே அன்பு. மேலும், நாம் சுகமாய்த் தூங்குவதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வதில்லை. அவர் நல்லவர் என்பதால் சொல்கிறோம். ஆனாலும், அவர் கற்றுக்கொடுத்த பழக்கம் மனுஷனுடைய சரீரத்துக்கும் மனதுக்கும் ஏற்றதாய் அமைந்திருக்கிறது என்று காண்பதில் நமக்கு ஆச்சரியம் இல்லை.

கொடுத்தவரும் பெற்றவரும்

இப்போது உங்களைக் குறித்துச் சில வார்த்தைகள். பிலிப்பியருக்கு எழுதின நிருபம் ஒருவகையில் நன்கொடையாளருக்கு எழுதப்பட்ட ரசீதுக் கடிதம் எனலாம். பவுல் காவலில் இருந்தபோது பிலிப்பி பட்டணத்துச் சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் காணிக்கை அனுப்பினார்கள். கொண்டுவந்தவரோ கடும் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாகிப் பிழைத்தார். பவுல் அவர்களுக்கு நன்றி எழுதும்போது பொதுவாக எழுதவில்லை. தெசலோனிக்கேயில் இருந்தபோது ஓரிரு தரம் அனுப்பினீர்கள் என்று இடத்தையும் தடவையையும் குறிப்பிடுகிறார் (4:15-16). அந்தக் காணிக்கையைத் தேவனுக்கு உகந்த சுகந்த வாசனையான பலியாகக் காண்கிறார். நன்றி மனிதருக்குப் போகிறது. மனிதர் வழியாய்த் தேவனுக்கும் போகிறது. 2 கொரிந்தியர் 9:12இலும் இதையே காண்கிறோம்: காணிக்கை குறைவை நிரப்புவதோடு நிற்காமல், அநேகருடைய ஸ்தோத்திரங்களால் பெருகுகிறது.

அப்படியானால், இலவசச் சிகிச்சை பெற்ற நோயாளி நமக்கு நன்றி சொல்ல வேண்டுமா? சொன்னால் மகிழ்வோம். சொல்லாவிட்டாலும் அவருக்கு நாம் செய்தது குறைந்துபோவதில்லை. ஏழையிடம் பணம் வாங்காமல், அதற்குப் பதிலாக நன்றியை வாங்கிக்கொள்வதும் ஒருவகைக் கட்டணம்தான். ஒன்பது பேரின் சுகத்தை இயேசு திரும்பக் கேட்கவில்லை என்பதை இங்கே நினைவுகூருவோம். நம் ஊழியத்தின் மாதிரி அதுவே.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் ஒரே கட்டிலோடு மருத்துவ ஊழியம் தொடங்கினார். அமெரிக்காவில் ராபர்ட் ஷெல் என்னும் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்திருந்தார். அதைக் கொண்டு கட்டப்பட்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. அந்த வார்டுகளில் சுகம்பெற்ற பெண்கள் ஷெல் குடும்பத்தாரை நேரில் கண்டிருக்க வழியில்லை. தாம் பெற்ற அன்பை நினைத்து ஒருவர் கொடுத்தார்; கடல் கடந்து வேறொருவர் பெற்றார். மிஷன் மருத்துவமனைகள் இப்படித்தான் கட்டப்பட்டன. நன்றி பெரும்பாலும் வந்த வழியே திரும்பிப் போவதில்லை, முன்னோக்கிப் போகிறது.

வீட்டில் தொடங்குவோம்

குடும்ப ஜெபத்தில் பேசி, உங்களால் கூடியதைத் தொடங்கும்படி சில ஆலோசனைகளை வைக்கிறோம்.

1. சாப்பாட்டு ஜெபத்தை மீட்டெடுங்கள். டிபன் பாக்ஸைத் திறக்கும் மதிய வேளையிலும் கண்மூடி ஒரு வார்த்தை சொல்லலாம். அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில், பதினாலு நாள் புயலில் தவித்த கப்பலில் பவுல் எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் செலுத்திப் புசித்தார். கப்பலில் இருந்த 276 பேரில் பெரும்பாலோர் ஆண்டவரை அறியாதவர்கள். அந்த ஜெபத்தைக் கண்டு அவர்களும் திடமனப்பட்டுச் சாப்பிட்டார்கள்.

2. பொதுவாய்ச் சொல்லாமல் குறிப்பாய்ச் சொல்லுங்கள். "எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்பதோடு, "இன்று மகளுக்குக் காய்ச்சல் விட்டதற்காக", "கிணற்றில் தண்ணீர் ஊறினதற்காக" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு ஜெபத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒன்று சொல்லட்டும்.

3. மனிதருக்கும் நன்றி சொல்லுங்கள். வார்டைக் கழுவித் துடைக்கும் அம்மாவை, இரவு டியூட்டி நர்ஸை, பால்காரரை, தெரு கூட்டுகிறவரைப் பெயர் கேட்டு அழைத்துச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் மறவாதீர்கள். முப்பது ஆண்டு சமைத்துப் போட்ட மனைவிக்கு ஒருநாளும் நன்றி சொல்லாத நல்ல கிறிஸ்தவர்கள் நம்மில் உண்டு அல்லவா?

4. ஒரு பிடி அரிசிக்கு ஒரு பாத்திரம் வையுங்கள். அரிசி முடியாவிட்டால் உண்டியலில் நாளொன்றுக்கு ஒரு நாணயம். மாதக் கடைசியில் அதை உங்கள் சபைக்கோ, பக்கத்து வீட்டு விதவைக்கோ, ஏழை நோயாளியின் மருந்துச் செலவுக்கோ கொடுங்கள்.

5. பிறந்தநாள், திருமணநாள் ஸ்தோத்திரக் காணிக்கையோடு இரத்த தானத்தையும் எண்ணிப் பாருங்கள். 18 முதல் 65 வயதுக்குட்பட்ட, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, மருத்துவர் பரிசோதித்துத் தகுதி என்று சொன்ன ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அதைப் பெறுகிறவர் உங்கள் பெயரை அறியமாட்டார். உங்களுக்கு நன்றி சொல்ல அவருக்கு வழியும் இராது. அதனாலேயே அது மிக நல்ல ஸ்தோத்திர பலி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டு விடாமல் செய்யுங்கள். சில நாட்களில் மனம் இல்லாமலேயே கை அரிசியை அள்ளும். அதைக் குறித்துக் கலங்காதிருங்கள். கை முன்னே போகட்டும், இருதயம் பின்னே வந்து சேரும்.

பிரியமானவர்களே, உங்கள் ஜெபங்களினாலும் காணிக்கைகளினாலும் சுகம்பெற்று வீடு திரும்பும் ஒவ்வொருவருக்காகவும், நன்றி சொன்னவர்களுக்காகவும் சொல்லாமற்போனவர்களுக்காகவும், கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். உங்களுக்காக அவருக்கு நன்றி செலுத்த நாங்கள் மறப்பதில்லை. உங்கள் பானையில் அரிசியும், உங்கள் வீட்டில் சமாதானமும் குறைவுபடாதபடி கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.